கந்தூரி வாடகை

வெள்ளைக்காரர்கள் இந்த நாட்டில் செய்த காரியங்களில் எனக்கு மிகவும் பிடித்தமானது ஒன்று உண்டு. வெயில் வந்தால் ஊரை விட்டு ஓடிப்போவது என்பதை ஒரு கௌரவமான காரியமாக ஆக்கினார்களே, அதுதான். சித்திரை பிறந்ததோ இல்லையோ, சென்னைக் கோட்டையிலிருந்த சர்க்கார் பைல்களும் பட்லர்களும் சகிதமாக உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையில் ரயில் போட்டார்கள். 1908-ல் அதை ஊட்டி வரைக்கும் நீட்டினார்கள். கொடைக்கானலுக்கு அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-லேயே போய் வீடு கட்டிக்கொண்டுவிட்டார்கள். நம்மவர்களில் திருநெல்வேலிக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஆனி பிறந்து சாரல் அடித்தால் குற்றாலத்துக்குப் போய், உடம்பில் எண்ணெயைத் தடவிக்கொண்டு அருவியின் கீழே நின்றுவிடுவார்கள்.

தஞ்சாவூர் ஜில்லாக்காரனுக்கு என்ன இருந்தது? மலை என்று சொல்ல ஒரு பாறாங்கல் கிடையாது. அம்மிக்கல்லுக்குக்கூட வெளியூர்க் கல்தான். கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல். வயல் முடிந்தால் வாய்க்கால். வாய்க்காலைத் தாண்டினால் மறுபடியும் வயல். ஆகையால் அவன் எங்கேயும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டே காலத்தைக் கழித்துவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள். அவனும் போனான். குடும்பத்தோடு வண்டி கட்டிக்கொண்டு, பாத்திரம் பண்டங்களை ஏற்றிக்கொண்டு போய், வாடகைக்கு ஜாகை பிடித்து, பதினாலு நாள் கடற்காற்று வாங்கி, ராத்திரியெல்லாம் கண்விழித்து வேடிக்கை பார்த்து, வேண்டாத சாமான்களையெல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பினான். அதை உல்லாசப் பிரயாணம் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வந்திருக்கும். அவன் அதற்கு வைத்திருந்த பெயர் வேண்டுதலை. போன ஊர் நாகூர். போன காலம் கந்தூரி.

நாகூர் என்பது நாகப்பட்டினத்துக்கு வடக்கே மூன்று நாலு மைல். நாகப்பட்டினம் நகரசபைக்குள்ளேயே அடங்கின ஊர். அங்கே அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது அவர்களை எங்கள் பக்கத்து ஹிந்துக்கள் 'நாகூர் ஆண்டவர்' என்றுதான் சொல்லுவார்கள். தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியதை, 131 அடி உயரத்தில், தஞ்சாவூர் மராத்திய ராஜா பிரதாபசிம்மன் கட்டிக் கொடுத்தான். ராஜாவே கட்டிக் கொடுத்திருக்கும்போது, குடிபடைகள் மொட்டை அடித்துக்கொள்ளவும், கால்வலிக்காரன் வெள்ளித் தகட்டில் ஒரு கால் செய்து போடவும் யோசிப்பானேன்? 1861-ல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு ரயில் போட்ட பிறகு திருச்சிராப்பள்ளி, மதுரைக்காரர்களெல்லாம்கூட வர ஆரம்பித்தார்கள். ஆனால் வருகிறவர்களில் பெருங்கூட்டம் எங்களைப் போன்ற வயற்காட்டு ஜனங்கள்தான்.

ஊட்டிக்கும் குற்றாலத்துக்கும் இல்லாத விசேஷம் ஒன்று இந்த நாகூர் சீஸனுக்கு உண்டு. அது வருஷா வருஷம் நகர்ந்துகொண்டே போகும். கந்தூரிக்குக் கொடி ஏறுவது ஜமாதுல் ஆகிர் மாதத்துப் பிறையில். அது சந்திரக் கணக்கு. சூரியக் கணக்குக்குப் பதினோரு நாள் குறைவு. ஆகவே முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வருஷத்தில் கந்தூரி எல்லா மாதங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பழைய இடத்துக்கே வந்து சேரும். 1910-ல் அது ஜூன் மாதத்தில் வந்தது. 1920-ல் பிப்ரவரியில். 1930-ல் அக்டோபரில். குற்றாலத்தில் கடை வைத்திருக்கிறவன் சாரலை மட்டும் எதிர்பார்த்தால் போதும். நாகூரில் கடை வைத்திருந்தவன் பிறையையும் பார்க்க வேண்டும், மிராசுதாரின் நெற்களத்தையும் பார்க்க வேண்டும். தையிலும் மாசியிலும் கந்தூரி விழுந்தால் அறுவடை முடிந்து கையில் காசு இருக்கும். அல்வாக் கடைக்காரன் கிலுகிலுப்பைக்காரன் வரை எல்லோர் முகத்திலும் சந்தோஷம் கூத்தாடும். ஆனியில் விழுந்தால் ஆற்றில் தண்ணீர் வந்திராது. மேட்டூர் அணை வந்தது 1934-ல்தான். அதற்கு முந்தின காலத்தில் ஆனி மாதத்துத் தஞ்சாவூர்க்காரனிடம் கடன் கேட்கலாமே தவிரக் காசு கேட்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தாலோ அடைமழை, புயலும் வரலாம். ஜமுக்காளம் நனையும், வாணம் நமுத்துப் போகும், வந்தவர்கள் திண்ணையை விட்டு இறங்க மாட்டார்கள். எனவே அந்த ஊர் வியாபாரிகள் ஒரு தை மாதக் கந்தூரியில் சம்பாதித்ததை வைத்துக்கொண்டு ஐப்பசிக் கந்தூரிகளைத் தாண்டக் கற்றுக்கொண்டிருந்தார்கள். பொருளாதாரப் புஸ்தகம் எழுதுகிறவர்கள் இதற்கு ஏதாவது ஒரு பெரிய பெயர் வைத்திருப்பார்கள்.

எங்கள் ஊர் கீவளூர்ப் பக்கம். கந்தூரிக்குக் கொடி ஏறுவதற்கு முந்தின நாள் கோழி கூவும் நேரத்துக்கு வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் நாகூர் போய்விடலாம். என் பாட்டி பதினாறு வயசில் கல்யாணமாகி வந்த முதல் வருஷமே அவளை அழைத்துக்கொண்டு போனார்களாம். அவள் தன் ஆயுளில் கந்தூரியைப் பற்றிச் சொன்னதில் பாதி ஆண்டவரைப் பற்றியது. மற்றப் பாதி அல்வாவைப் பற்றியது. இரண்டையும் ஒரே பக்தியோடுதான் சொல்லுவாள்.

ஹோட்டல், லாட்ஜ் என்பதெல்லாம் பின்னால் வந்தவை. அப்போது தங்குவது வீடுகளில். நாகூர் வீடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். தெருவில் ஒரு திண்ணை, பிறகு ஒரு கூடம், முற்றம், அதைத் தாண்டி இன்னொரு கட்டு, கொல்லை என்று ரயில்வண்டி மாதிரி நீண்டுகொண்டே போகும். ஆண்பிள்ளைகள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கடை வைத்திருப்பார்கள். 'சபுர்' போயிருக்கிறார்கள் என்பார்கள். திரும்பி வந்தவர் 'சபுராளி'. அந்தப் போக்குவரத்து எவ்வளவு பழமையானது என்பதற்குச் சிங்கப்பூரில் தெலோக் ஆயர் தெருவில் இருக்கும் நாகூர் தர்காவே சாட்சி. 1828-க்கும் 1830-க்கும் நடுவில் கட்டினார்கள். இக்கரையில் வீட்டை ஆண்டது பெண்கள். பினாங்கு மணியார்டர் சில மாதம் வரும், சில மாதம் வராது. ஆனால் கந்தூரி வராமல் இருக்காது. அந்தப் பதினாலு நாள் வாடகையில்தான் ஓடு மாற்றுவது, கிணறு இறைப்பது, பெண்ணுக்குச் சீர் சேர்ப்பது எல்லாம்.

எங்கள் குடும்பம் வழக்கமாகத் தங்கும் வீட்டு அம்மாளை நாங்கள் எல்லோரும் 'நாகூர் உம்மா' என்றுதான் சொல்லுவோம். அது அவளுக்குத் தாய்வழியில் வந்த வீடு. புருஷன் பினாங்கில். வாடகை பேசுகிற தினுசைப் பாட்டி நடித்தே காட்டுவாள். உம்மா ஆண்பிள்ளைகள் முன்னால் வரமாட்டாள். நடுக்கதவுக்குப் பின்னால் நிற்பாள். என் கொள்ளுத்தாத்தா கூடத்தில் நின்றுகொண்டு முற்றத்து ஓட்டைப் பார்த்துப் பேசுவார்.

"இந்த வருஷம் விளைச்சல் சரியில்லைங்க. ஆறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம்."

"வெளச்சல் கொறஞ்சா எங்க வீட்டு ஓடும் கொறஞ்சிருக்காங்க? எட்டு. கெணத்துத் தண்ணி சும்மா. வெறகுக்குத் தனி."

பிறகு கதவிடுக்கில் ஒரு கை நீளும். எட்டு ரூபாயை வாங்கி ஒவ்வொன்றாக வாசற்படிக் கல்லில் சுண்டிப் பார்த்து, 'ணங்' என்று சத்தம் வந்தால்தான் கை உள்ளே போகும். அந்தக் கை போன பிறகு உம்மா வேறு ஆள் ஆகிவிடுவாள். "ஆச்சி வந்திருக்காங்க, பசியாற ஏற்பாடு பண்ணுங்க" என்று கொள்ளுப்பாட்டியை உபசரிக்கத் தொடங்குவாள். கொள்ளுப்பாட்டி சிரித்துக்கொண்டே, "நாங்கள் கொண்டுவந்திருக்கிறோம், அம்மா" என்பாள். நாங்கள் சைவம். அரிசி, பருப்பு, பாத்திரம், தவலை எல்லாம் வண்டியிலேயே வரும். கொல்லையில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிச் சமையல். உம்மா வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கிணற்றில் நாங்களே சேந்திக்கொள்ளுவோம். உபசாரம் ஒவ்வொரு வருஷமும் நடக்கும். மறுப்பும் ஒவ்வொரு வருஷமும் நடக்கும். இதனால் யாருக்கும் மனஸ்தாபம் வந்ததாகத் தெரியவில்லை. இப்போது நினைத்தால் எனக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

உம்மாவின் வியாபார மூளையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். சந்தனக்கூடு பத்தாம் நாள் ராத்திரி. நாகப்பட்டினத்திலிருந்து சந்தனத்தைக் கூட்டில் வைத்து ஊர்வலமாகக் கொண்டு வருவார்கள். அது வந்து சேர விடியற்காலம் ஆகிவிடும். அன்று ராத்திரிக்கு மட்டும் தெருத்திண்ணைக்கு உம்மா தனி வாடகை வைத்திருந்தாள். வீட்டுக்குள் குடியிருப்பவர்களுக்கு இலவசம். வெளியார்க்கு ஆளுக்கு அரையணா. தூங்குகிற குழந்தைக்குக் காசில்லை. விழித்துக்கொண்டால் காலணா. இந்தச் சட்டத்தை அவள் விளையாட்டாகத்தான் சொன்னாளா என்பது பாட்டிக்குக் கடைசி வரையில் நிச்சயப்படவில்லை.

வேடிக்கைகளுக்குக் குறைச்சல் இல்லை. முதல் நாளே கொடி ஊர்வலம். நாகப்பட்டினத்துத் தெருக்களிலிருந்து கப்பல் உருவத்தில் செய்த ரதங்கள், செட்டிப் பல்லக்கு, சாம்பிராணிச் சட்டி, நகரா மேடை என்று வரிசையாகப் புறப்பட்டு வரும். கடலையே பார்த்திராத எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதலில் தெருவில் வரும் கப்பலைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் கடலில் நிற்கும் கப்பலைப் பார்ப்பார்கள். தெருக் கப்பல்தான் அழகு என்பார்கள். ஊர்வலத்தில் நாதஸ்வரம் வாசிப்பவர்கள் எங்கள் கோயில் திருவிழாக்களில் வாசிக்கிற அதே தஞ்சாவூர் ஜில்லா மேளக்காரர்கள். சங்கீதத்துக்கு அந்த ஊர் என்றைக்குமே பரம விரோதியல்ல. பிற்காலத்தில் எஸ். எம். ஏ. காதர் தர்கா வித்வானாக இருந்து கர்நாடக சங்கீதம் பாடினார். ஹனிபாவின் குரலைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

எட்டாம் நாள் வாணவேடிக்கை. பகலில் பக்கீர்கள் தப்புக் கொட்டிப் பாடிக்கொண்டு தெருத்தெருவாக வருவார்கள். கடற்கரைக்குப் பீர் ஏகும் நாளில் கூட்டம் முழுவதும் கடற்கரைக்குப் போய்விடும். ஒரு கூடாரத்தில் பயாஸ்கோப். திருச்சிராப்பள்ளியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் யந்திரத்தை விலைக்கு வாங்கி ஊர் ஊராகப் புறப்பட்டதிலிருந்து இந்தக் கூடாரங்கள் பெருகிவிட்டன. பாட்டி முதன்முதலாகப் பயாஸ்கோப் பார்த்தது கந்தூரியில்தான். திரையில் ரயில் வந்தபோது எல்லோரும் பயந்தார்கள், தான் பயப்படவில்லை என்று சொல்லுவாள். ஏன் என்றால் தான் கண்ணை மூடிக்கொண்டிருந்ததாக அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுவாள்.

கடைத்தெருவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை முடியாது. அல்வாக் கடைகள் இப்போதும் தர்காவைச் சுற்றி இருக்கின்றன. இலைத்துணுக்கில் ருசிக்குக் கொடுப்பதில் ஒரு சாமர்த்தியம் உண்டு. கொடுப்பது இத்தனூண்டு இருக்கும். நெய் மட்டும் விரலில் ஒட்டிக்கொண்டே இருக்கும். இறால் போட்டுச் சுடுகிற 'வாடா' மணம் எங்கள் சைவக் குடும்பத்தைத் தெருமுனை வரை துரத்திக்கொண்டு வரும். பேரீச்சம்பழம், அத்தர், கண்ணாடி வளையல், சபுராளிகள் கொண்டுவந்த கைலி, குடை, எனாமல் தட்டு எல்லாம் குவிந்து கிடக்கும். கொள்ளுப்பாட்டி இந்தக் கடைகளில் பதின்மூன்று நாள் விலை மட்டும் கேட்பாள். ஒன்றும் வாங்க மாட்டாள். சந்தனக்கூட்டுக்கு முந்தி ஒரு விலை, பிந்தி ஒரு விலை, கொடி இறங்குகிற பதினாலாம் நாள் சாயங்காலம் ஒரு விலை. மூட்டை கட்டுகிற வியாபாரியின் கையிலிருந்து பாதி விலைக்குப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிடுவாள். கடைக்காரர்களுக்கும் இது தெரியும். பதினாலாம் நாளுக்கென்றே மட்டச் சரக்கைத் தனியாக எடுத்து வைத்திருப்பார்கள் என்று பாட்டி சொல்லுவாள், மாமியார் காதில் விழாமல்.

இனி 1923-ம் வருஷக் கதைக்கு வருகிறேன். அந்த வருஷம் கந்தூரி தை மாதத்தில் விழுந்தது. நல்ல விளைச்சல், கொள்ளாத கூட்டம். தை மாதம் காசைக் கொண்டுவரும் என்றேன். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது வாந்திபேதியையும் கொண்டுவரும். மழைக்காலம் முடிந்து குளம் குட்டைகள் வற்றத் தொடங்கும் சமயம். ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான ஜனங்கள். திருவிழாவும் காலராவும் அந்த நாட்களில் ஒரே வண்டியில்தான் பிரயாணம் செய்தன.

பாட்டிக்கு அப்போது பதினெட்டு வயசு. மடியில் மூன்று மாதக் குழந்தை. அந்தக் குழந்தைதான் என் தகப்பனார். ஒன்பதாம் நாள் மத்தியானம் பாட்டிக்குக் கண்டது. சாயங்காலத்துக்குள் கண் குழிந்து, குரல் ஒடுங்கி, விரல்கள் சுருங்கிப்போய்விட்டன. வாந்திபேதிக்காரருக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்பது பெரியவர்கள் சித்தாந்தம். கொள்ளுப்பாட்டி ஈரத்துணியால் உதட்டைத் துடைத்ததோடு சரி. பாட்டி தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாளாம். யாரும் கொடுக்கவில்லை. பிரியத்தினால்தான் கொடுக்கவில்லை.

வீட்டில் இன்னும் நாலு குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. உம்மா அவர்களைக் கூப்பிட்டு, இன்ன விஷயம் என்று ஒளிக்காமல் சொல்லி, வாங்கின வாடகையை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டாள். சந்தனக்கூட்டுக்கு முந்தின நாள், நாலு குடும்பத்து வாடகை! அந்த வருஷம் இளைய பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தாள். சுகாதாரச் சிப்பந்தி வந்து, ஊருக்கு வெளியே கொட்டகை போட்டிருக்கிறது, நோயாளியை அங்கே அனுப்பிவிட வேண்டும் என்றார். உம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "பின்கட்டில தனி அறை இருக்கு. அந்தப் பக்கம் ஒருத்தரும் வரமாட்டாங்க. சுண்ணாம்பு எவ்வளவு வேணுமோ போட்டுட்டுப் போங்க. புள்ளைய அனுப்பமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சுகாதார சாஸ்திரப்படி சிப்பந்தி சொன்னதில் தப்பில்லை. என்றாலும் அவர் சுண்ணாம்பைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

பிறகு உம்மா செய்ததுதான் பெரிய காரியம். உலையில் கொதித்த கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டு ஆற்றி, பாட்டியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கரண்டியாக ஊற்ற ஆரம்பித்தாள். கொள்ளுப்பாட்டி வாசற்படியில் நின்று, "தண்ணீர் கொடுக்கக்கூடாதே, அம்மா" என்றாள். அவள் தடுத்ததற்கு வைத்தியம் மட்டும்தான் காரணமா, வேறு காரணமும் உண்டா என்று நான் பாட்டியைக் கேட்டிருக்கிறேன். "இரண்டும்தான்" என்றாள் பாட்டி. உம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல், "எங்கூட்டுப் பாத்திரத்த அப்புறம் பேசிக்கலாம் ஆச்சி. மொதல்ல புள்ள இருக்கட்டும்" என்றாளாம். வாந்தி எடுக்க எடுக்க ஊற்றினாள். ராத்திரி முழுவதும் ஊற்றினாள்.

1971-ல் வங்காளத்து அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றுகிற மருந்து தீர்ந்துபோனபோது, டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியாகக் கொடுக்கச் செய்து ஏராளமான உயிர்களை மீட்டார். உலகம் முழுவதும் இன்று அதுதான் வைத்தியம். அந்தச் செய்தியை நான் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். "இதைத்தானே உம்மா செய்தாள்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்துக்கொண்டாள்.

அந்த இரண்டு மூன்று நாளும் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். உம்மாவின் மூத்த பெண்ணுக்கு அப்போது கைக்குழந்தை. அவள் தன் பிள்ளையை ஒரு பக்கமும் என் தகப்பனாரை ஒரு பக்கமும் போட்டுக்கொண்டு பால் கொடுத்தாள். அவர்கள் மார்க்கத்தில் பால் கொடுத்தால் உறவு. தாய் தாய்தான், பிள்ளைகள் உடன்பிறந்தவர்கள்தான், அவர்களுக்குள் கல்யாணம் கூடாது என்று சட்டமே இருக்கிறது. எங்கள் வீட்டிலோ இதை என்ன உறவு என்று சொல்லுவது என்று தெரியாமல், ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை. என் தகப்பனார் பெரியவரானதும் அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

சந்தனக்கூடு தெருவில் போனபோது பாட்டிக்குப் பின்கட்டில் மேளச் சத்தம் கேட்டது. பதினாலாம் நாள் கொடி இறங்கியபோது அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

கொள்ளுத்தாத்தா புறப்படும்போது மடியிலிருந்த பணம் முழுவதையும் எடுத்துக் கூடத்தில் வைத்தார். கதவிடுக்கிலிருந்து கை நீளவே இல்லை. "வாடகைதான் முன்னாலேயே கொடுத்திட்டீங்களே, இது என்னாத்துக்கு?" என்று குரல் மட்டும் வந்தது. எவ்வளவோ சொல்லியும் வாங்கவில்லை. வண்டியில் வரும் வழியெல்லாம் அவர் பேசவில்லையாம். கீவளூர் கோபுரம் தெரிகிற இடத்தில், "இனிமேல் எந்த முகத்தோடு அந்த வீட்டில் போய்த் தங்குவது?" என்றாராம். நாங்கள் நன்றியில்லாதவர்கள் அல்ல. ஆனால் தலை கொள்ளாத கடனைச் சுமந்துகொண்டு ஒரு வீட்டில் பதினாலு நாள் எப்படிப் படுத்துத் தூங்குவது? அடுத்த வருஷம் வேறு வீடு பார்க்கலாமா என்றுகூட யோசனை நடந்தது. அந்த வெட்கம் எனக்குப் புரிகிறது.

1924-லும் தை பிறக்கும் சமயத்தில்தான் கந்தூரி. கொள்ளுத்தாத்தா இரண்டு மூட்டைப் புது அரிசியையும் ஏற்றிக்கொண்டு, தயங்கித் தயங்கி, அதே வாசலில்தான் வண்டியை நிறுத்தினார். உம்மா வாடகையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அப்படியே திரும்பிவிடுவது என்பது அவர் எண்ணம். கூடத்தில் போய் நின்றுகொண்டு முற்றத்து ஓட்டைப் பார்த்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது: "இந்த வருசம் ஒம்பது ரூபாய்ங்க. ஓடு மாத்தியிருக்கோம்."

கொள்ளுத்தாத்தா எட்டுக்கு அடித்துப் பேசினாராம்! கடைசியில் எட்டரைக்குத் தீர்ந்தது. அரிசியை உம்மா விலை போட்டுத்தான் எடுத்துக்கொண்டாள். அந்த விலையைக் குறைத்துச் சொன்னதற்கு அவரோடு சண்டை பிடித்தாள். கை நீண்டது. ரூபாய்களைக் கல்லில் ஒவ்வொன்றாகச் சுண்டினாள். ஒன்று 'ணங்' என்னாமல் 'டொக்' என்றது. "இது செல்லாதுங்க. மாத்திக் கொடுங்க" என்று அதை மட்டும் வெளியே தள்ளினாள். கொள்ளுத்தாத்தா வெளியே வந்தபோது அவர் கண்ணில் ஜலம் நின்றதாகப் பாட்டி சொல்லுவாள். அந்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டுப் பெண்கள் உம்மா வீட்டுச் செம்பில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். கொள்ளுப்பாட்டியும்தான்.

வாடகை பிறகு வருஷத்துக்கு வருஷம் பேரம் பேசப்பட்டுப் பன்னிரண்டு ரூபாய் வரையில் ஏறிற்று. 1926-ல் 'ரஜூலா' என்ற பெரிய கப்பல் வந்து, நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் போக்குவரத்து இன்னும் பெருகிற்று. சபுராளிகளும் சாமான்களும் பெருகினார்கள். பிறகு யுத்தம் வந்தது. 1941 டிசம்பரில் பினாங்கும், 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்தன. கப்பல் இல்லை, கடிதம் இல்லை, மணியார்டர் இல்லை. நாகூர்த் தெருக்களில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு சரியாக எரியவில்லை. உம்மாவின் புருஷன் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. அந்த வருஷம் கந்தூரி ஆனி மாதத்தில். வெளியூர்க் கூட்டமும் மட்டு.

என் தாத்தாவும் என் தகப்பனாரும் மட்டும் போனார்கள். சும்மா பணம் கொடுத்தால் அந்தக் கை நீளாது என்பது அவர்களுக்குத் தெரியும். தாத்தா கூடத்தில் நின்று, "காலம் எப்படிப் போகிறது என்று தெரியவில்லை. நல்ல ஜாகை கிடைப்பதும் கஷ்டமாக இருக்கிறது. மூன்று கந்தூரிக்கு இப்போதே வாடகை கட்டிவிட்டால் எங்களுக்கு நிம்மதி" என்றார். கதவுக்குப் பின்னால் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு, "மூணு வருசத்துக்கும் சேத்துக் கொடுத்தா மாசக் கழிவு உண்டுங்க. முப்பத்தாறுக்கு முப்பத்தஞ்சு" என்று குரல் வந்தது. நோட்டுப் புஸ்தகத்தில் எழுதிக் காட்டிய பிறகுதான் பணத்தை எடுத்துக்கொண்டாள். 1943-லும் 1944-லும் தாத்தா ஏதாவது கொடுக்கப் பார்த்திருக்கிறார். நோட்டுப் புஸ்தகம் கதவிடுக்கில் நீளும். கட்டியாகிவிட்டது என்று அதில் எழுதியிருக்கும்.

1945-ல் வைகாசி பிறந்ததும் கந்தூரி. பினாங்கிலிருந்து இன்னும் ஒரு தகவலும் இல்லை. என் தகப்பனாருக்கு இருபத்திரண்டு வயசு. அந்தத் தடவை அவரே வாடகை பேசப் போனார். அவர் பால் குடித்த வீடு; அவர் முன்னால் உம்மா கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை. இருந்தாலும் வாடகைப் பேச்சு என்பதால் அங்கேதான் போய் நின்றுகொண்டாளாம். "மூணு வருசம் முடிஞ்சு போச்சு தம்பி. இந்த வருசக் கணக்கு?" என்று கேட்டுக் கையை நீட்டினாள். தகப்பனார் பதினோரு வெள்ளி ரூபாயும் ஒரு ஒற்றை ரூபாய் நோட்டும் கொடுத்தார். 1940-லிருந்து ரூபாயில் பாதிதான் வெள்ளி. கல்லில் சுண்டினால் பழைய 'ணங்' வருவதில்லை. உம்மா பதினொன்றையும் வழக்கம்போல் சுண்டினாள். ஒன்றையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசியாக அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் திருப்பி, முற்றத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இதை எப்படித் தம்பி சுண்டிப் பாக்குறது?" என்றாள்.